முறுக்குவிசைக் கிராமபோன்: ஒரு பண்டத்தின் வரலாறும் அதன் போலியும்

1

பழைய பொருள் வேறு, பழம்பொருள் வேறு. முன்னது காலத்தால் நேர்வது. பின்னது சந்தையால் ஆக்கப்படுவது. நேற்றுவரை பரணிலே தூசி படிந்து கிடந்த ஒரு பெட்டி, இன்று கண்ணாடி அலுமாரியில் விலைச்சீட்டுடன் வைக்கப்படுமிடத்து, அதன் பௌதிக இயல்பில் மாற்றம் எதுவும் ஏற்பட்டுவிடுவதில்லை. மாறுவது, அப்பொருளுக்கும் மனிதருக்கும் இடையிலான உறவேயாகும். பயன்பாட்டுப் பெறுமதி ஏறத்தாழ அற்றுப்போன நிலையில், அதன் பரிவர்த்தனைப் பெறுமதி புதியதோர் அடிப்படையில், அதாவது ‘கடந்த காலம்’ என்னும் மயக்கத்தின் அடிப்படையில், உயர்கின்றது. மனித உழைப்பினாலும் சமூக உறவுகளாலும் ஆக்கப்பட்ட ஒரு பண்டம், அவற்றினின்றும் பிரிந்து தனக்கென உயிருடையது போலத் தோற்றமளிக்கும் விந்தையை 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் மார்க்ஸ் விளக்கியிருந்தார். பழம்பொருட் சந்தை அவ்விந்தையின் முதிர்ந்த வடிவங்களுள் ஒன்று எனலாம்.

கையால் முறுக்கி இயக்கப்படும் கிராமபோன் ஒன்றை வாங்கித் திருத்திய அனுபவம் இக்கட்டுரைக்கு உடனடிக் காரணமாயிற்று. தனிப்பட்ட அனுபவத்தை ஆய்வேட்டிற் புகுத்துவது மரபன்று என்பதனை அறிவேன். எனினும், அவ்வனுபவம் ஒரு வரலாற்றுப் பிரச்சினையை முன்வைத்தமையால் அதனை முதலிலே சுருக்கமாகக் கூறுவது பொருத்தமாகும்.

எனது தாய்வழிப் பாட்டனாரின் யாழ்ப்பாணத்து வீட்டில் ஒரு கிராமபோன் இருந்தது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது அது வீட்டிலேயே விடப்பட்டது. குடும்பத்தினர் திரும்பிச் சென்றபோது பெட்டியும் இல்லை. அது இருந்த அறைக்குக் கூரையும் இல்லை. அதற்கு முன்னரே உறவினரொருவர் கொழும்புக்கு எடுத்துச் சென்றிருந்த பதினொரு இசைத்தட்டுகள் மாத்திரம் எஞ்சின. அவற்றைக் கேட்க வேண்டுமென்ற விருப்பினாலேயே, சில ஆண்டுகளுக்கு முன்னர், கொழும்பிலுள்ள பழம்பொருட் கடையொன்றில் ஒரு கிராமபோனை வாங்கினேன். பளபளக்கும் பித்தளைப் புனலும், எண்கோண வடிவிலமைந்த மரப்பெட்டியும், பெட்டியின் முகப்பிலே புனலை உற்றுக் கேட்கும் நாயின் சின்னமும் உடையதாய் அது இருந்தது. விரிவுரையாளர் ஒருவரின் மாதச் சம்பளத்தில் அரைப்பங்கிற்கும் மேற்பட்ட தொகை அதற்கு விலையாயிற்று. ஏறத்தாழ நூறாண்டுப் பழைமையுடையது எனக் கடைக்காரர் கூறினார். நம்பினேன், அல்லது, நம்ப விரும்பினேன் என்பதே சரியாகும்.

பொறி முறுக்கினை ஏற்றது. ஆயின் இரு நிமிடங்களுள் ஓய்ந்தது. கைக்கடிகாரங்களும் பழைய தையல் இயந்திரங்களும் திருத்தும் முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டுசென்றேன். அவர் மேற்பலகையைக் கழற்றி உள்ளே பார்த்தார். பின்னர் மூக்குக் கண்ணாடியை உயர்த்தி, “தம்பி, இது ஒரு மிசின் இல்லை. ரெண்டு மூண்டு மிசினிலை பிடுங்கி எடுத்துப் பூட்டின சாமான்” என்றார். பொறியைத் தாங்கும் தகட்டிலே இப்பெட்டிக்குப் பொருந்தாத பழைய திருகாணித் துளைகள் இருந்தன. பெட்டியின் மரமோ புதியது. கருமை பூசி முதுமை ஏற்றப்பட்டது. பொறி மாத்திரம் உண்மையில் பழையது. அது புனற் கிராமபோனுக்குரியதன்று. கைப்பெட்டி போல மூடித் தூக்கிச் செல்லத்தக்க கிராமபோன் ஒன்றிலிருந்து கழற்றப்பட்டது.

எனது பாட்டனாரிடம் இருந்ததும் புனலுடைய கிராமபோன் அன்று. கறுப்புத் துணியுறையிட்ட கைப்பெட்டி என்றே அம்மம்மா சொல்லி வந்தார். அவ்வாறிருந்தும், கிராமபோன் என்றதும் என் மனக்கண்முன் எழுந்தது பித்தளைப் புனலே. நேரடிக் குடும்ப ஞாபகத்தை விளம்பரப் படமொன்று வென்றுவிட்டது. இது எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. விடை காண்பதற்கு இக்கருவியின் வரலாற்றை அதன் உற்பத்தி, உடைமை, பயன்பாடு ஆகிய மூன்று நிலைகளிலும் நோக்குதல் வேண்டும்.

2

தோமஸ் அல்வா எடிசன் 1877இல் வெள்ளீயத் தாள் சுற்றிய உருளையொன்றில் மனிதக் குரலைப் பதித்து மீளக் கேட்டார் என்பது பாடநூல்களில் இடம்பெறும் செய்தி. 1878 பெப்ரவரியில் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. பாடநூல்கள் பெரும்பாலும் கூறாது விடுவது யாதெனின், அக்கருவி எதற்குப் பயன்படும் என்பது அதனைக் கண்டுபிடித்தவருக்கே தெளிவாயிருக்கவில்லை என்பதாகும். அவ்வாண்டிலேயே அவர் எழுதிய கட்டுரையொன்றில் அதன் பயன்களை வரிசைப்படுத்தினார். சுருக்கெழுத்தாளரின் உதவியின்றிக் கடிதங்களைச் சொல்லிப் பதிதல் முதலிடத்திலும், பார்வையற்றோருக்கான பேசும் நூல்கள், பேச்சுப் பயிற்சி என்பன அடுத்தும் வந்தன. இசைக்குக் கிடைத்தது நான்காவது இடமே.

அலுவலகத்திற்கென எண்ணப்பட்ட கருவியைக் கேளிக்கைக்கு உரியதாக்கியது சந்தை. 1889 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் மதுச்சாலை ஒன்றில், நாணயம் இட்டாற் பாடும் போனோகிராப் வைக்கப்பட்டது. ஒரு தொழில்நுட்பத்தின் சமூகப் பயன் அதன் உள்ளார்ந்த இயல்பினால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. அது புகும் உற்பத்தி உறவுகளே அதனைத் தீர்மானிக்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

எடிசனின் உருளைக்குப் போட்டியாக, எமீல் பேர்லினர் 1887இல் காப்புரிமை பெற்ற கிராமபோன் தட்டையான வட்டத்தைப் பயன்படுத்தியது. உருளையிலே வீட்டிலிருப்போர் தாமும் ஒலி பதியலாம். பேர்லினரின் தட்டிலே கேட்க மட்டுமே முடியும். ஆனால் மூலத்தட்டு ஒன்றிலிருந்து உலோக அச்சினை எடுத்து ஆயிரக்கணக்கிற் பிரதி செய்ய அது இடமளித்தது. பேசுவோனும் கேட்போனும் ஒருவராயிருக்கும் சாத்தியம் ஒதுக்கப்பட்டு, உற்பத்தியாளர் ஒருபுறமும் நுகர்வோர் மறுபுறமும் எனப் பிரிவினை நிலைபெற்றது. தட்டின் வெற்றியை ஒலித்தரத்தின் வெற்றியாக மட்டும் கொள்ளாது, பெருந்தொகை உற்பத்தி முறையின் வெற்றியாகவும் கொள்ளல் தகும்.

தொடக்ககாலக் கிராமபோனைக் கேட்பவர் தம் கையாலேயே இடைவிடாது சுழற்ற வேண்டியிருந்தது. கையின் வேகம் மாறுந்தோறும் பாடகரின் சுருதியும் மாறிற்று. இக்குறையை நீக்கியவர், நியூ ஜேர்சி மாநிலத்துக் கம்டன் நகரில் சிறு பட்டறையொன்றை நடத்திய எல்ட்ரிஜ் ஜோன்சன். 1896இல் அவர் பேர்லினரின் கருவிக்கு ஏற்ற முறுக்குவிற் பொறியை உருவாக்கினார். 1901இல் விக்டர் கம்பனியை நிறுவியவரும் அவரே. கடிகாரத்தின் தத்துவம் இசைக்குக் கருவியாயிற்று. முறுக்குவில் மலிவானது, மின்சாரம் வேண்டாதது. உலகின் எப்பகுதிக்கும் கிராமபோன் செல்வதற்கு வழிசெய்தது இவ்வுருக்கு நாடாவேயாகும்.

நாயின் சின்னம் பற்றியும் ஈண்டு கூறுதல் தகும். பிரான்சிஸ் பரோட் என்னும் ஓவியர் தீட்டிய மூலப்படத்தில் நாய் உற்றுக் கேட்டது எடிசன் வகை உருளைக் கருவியையே. 1899இல் இலண்டன் கிராமபோன் கம்பனி, உருளைக் கருவியை அழித்துத் தனது தட்டுக் கருவியை அதே இடத்தில் வரையச் செய்து, ஓவியத்துக்கு 50 பவுணும் உரிமைக்கு 50 பவுணும் கொடுத்து வாங்கிற்று. உலகம் முழுவதும் ‘பழைய காலத்தின்’ குறியீடாக ஏற்கப்பட்டுள்ள அச்சின்னமே ஒரு கருவியின் மீது இன்னொன்றைப் பூசி ஆக்கப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

3

இலண்டன் கம்பனியின் ஒலிப்பதிவாளரான பிரெட் கைஸ்பேர்க் 1902 இறுதியிற் கல்கத்தாவுக்கு வந்தார். அவ்வாண்டு நவம்பரில் கௌஹர் ஜான் உள்ளிட்ட பாடகிகளின் குரல்கள் பதியப்பட்டன. மெழுகு மூலத்தட்டுகள் கப்பலேறி ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்றன. அங்கு அச்சிடப்பட்ட தட்டுகள் விற்பனைக்காக இந்தியாவுக்குத் திரும்பின. பாடலின் முடிவிலே கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் உரத்துக் கூறும் வழக்கம் இதனால் ஏற்பட்டதே. இந்திய மொழி அறியாத ஹனோவர்த் தொழிலாளர், எத்தட்டு யாருடையது என அறிந்து பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டியிருந்தது. பின்னாளிற் பாடகியின் பெருமிதமாகக் கேட்கப்பட்ட அக்கூற்று, உற்பத்தி ஒழுங்கின் ஒரு தேவையாகவே தொடங்கியது.

கப்பலேறியது குரல் மட்டுமன்று. தட்டின் உடலாக அமைந்த அரக்கும் இந்தியாவினது. சோட்டா நாக்பூர்ப் பீடபூமியிலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் பலாசு, குசும், இலந்தை ஆகிய மரங்களின் சிறு கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் பிசினை முண்டா, ஒராவோன், சந்தால் முதலிய பழங்குடியினர் சேகரித்தனர். மிர்சாப்பூர் போன்ற இடங்களில் அது கழுவி உலர்த்தப்பட்டு, நீண்ட துணிப்பைகளில் இடப்பட்டு, நெருப்பின் முன்னே முறுக்கி உருக்கப்பட்டது. சூடு ஆறுமுன் அதனைக் கைகளாலும் கால்களாலும் பற்களாலும் பற்றி இழுத்து மென்தகடாக விரிப்பது தொழிலாளரின் வேலை. இத்தகடே கப்பலேறியது. 78 சுழற்சித் தட்டில் அரக்கு ஒரு பிணைபொருள். எஞ்சிய பெரும்பகுதி அரைத்த கல்லும், கரியும், பஞ்சு நாருமாகும். இரண்டாம் உலகப் போரின்போது அரக்கு யுத்தத் தேவைகளுக்கு ஒதுக்கப்பட்டமையால், 1942இல் அமெரிக்க அரசாங்கம் இசைத்தட்டுத் தொழிலுக்கு வழங்கும் அரக்கை 70 சதவீதத்தாற் குறைக்க நேர்ந்தது. மேலைத்தேயத்து நடனக்கூடங்களின் இன்னிசை, காட்டுவாசிகளின் உழைப்பில் எத்துணை தங்கியிருந்தது என்பதனை அந்நெருக்கடி வெளிப்படுத்திற்று.

மூலப்பொருள் குடியேற்ற நாட்டிலிருந்து செல்வதும், முடிவுப்பொருள் அங்கிருந்தே திரும்பிவந்து விற்பனையாவதும் ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தின் அறியப்பட்ட நியதி. கிராமபோனைப் பொறுத்தவரையில் பாடகரின் குரலும் மூலப்பொருளாயிற்று. 1908இற் கல்கத்தாவின் சியால்டா பகுதியிலும், 1928இல் டம்டமிலும் தொழிற்சாலைகள் அமைக்கப்பட்டமை இவ்வுறவை மாற்றியது, ஆனால் தலைகீழாக்கவில்லை. 1931இல் இலண்டன் கிராமபோன் கம்பனியும் கொலம்பியா கம்பனியும் ஒன்றிணைந்து ஈ.எம்.ஐ. நிறுவனமாகியபோது, ஏகபோகத்தின் பிடி இறுகிற்று.

தென்னகத்திலே தொடக்கத்தில் ஒலிப்பதிவுக்கு முன்வந்தோருட் பெரும்பாலோர் தேவதாசி மரபினராயிருந்தமை தற்செயலன்று. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோரின் குரல்களே முதற்காலத் தட்டுகளில் ஒலித்தன. உயர்சாதி ஆண் வித்துவான்கள் பலர் தயங்கினர். குரல் கெட்டுவிடும் என்ற அச்சம் ஒருபுறம். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் எவரும் கேட்கும்படி தமது சங்கீதம் ஒலிக்கலாகாது என்ற சாதிய உணர்வு மறுபுறம். கோயம்புத்தூர் தாயியின் தட்டுகள் பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டெலாஜை ஈர்த்து, அவருடைய ஆக்கமொன்றிற்குத் தூண்டுதலாயின. இவ்வளவு தொலைவு குரல் சென்ற அப்பெண்கள், சொந்த நாட்டிலே 1928இற் சென்னை சங்கீத வித்துவத் சபை தோன்றிய காலத்தையொட்டி வலுப்பெற்ற ‘தூய’ இசை இயக்கத்தினால் படிப்படியாகப் பின்தள்ளப்பட்டனர். 1947இல் சென்னை மாகாணத்துத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின் முற்போக்கு அம்சம் மறுக்கற்பாலதன்று. ஆனால் ஒழிக்கப்பட்ட முறைமையோடு சேர்த்து அப்பெண்களின் கலையாளுமையும் மறக்கப்பட்டபோது, அதற்கு அழியாச் சான்றாக நின்றவை அவர்களது இசைத்தட்டுகளே.

4

தமிழகத்தில் இசைத்தட்டின் பெருவளர்ச்சி 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் நிகழ்ந்தது. 1925இல் மின்முறை ஒலிப்பதிவு வந்தமை அதற்கு ஒரு காரணம். அதுவரை பாடகர் புனலொன்றின் வாயருகே நின்று உரத்துப் பாட வேண்டியிருந்தது. இப்போது ஒலிவாங்கி மென்மையான குரலையும் பற்றிக்கொண்டது. நாடக மேடை மற்றொரு காரணம். எஸ். ஜி. கிட்டப்பாவும் (1906-1933) கே. பி. சுந்தராம்பாளும் (1908-1980) மேடையிற் பாடிய பாடல்கள் தட்டுகளாகப் பரவின. 1920களில் இவ்விருவரும் கொழும்பு மேடைகளில் இணைந்து நடித்தனர் என்பது, தமிழ் நாடக வரலாற்றிலும் இசைத்தட்டு வரலாற்றிலும் இலங்கைக்குள்ள பங்கினை நினைவூட்டுவதாகும். முழு நாடகங்களும் பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக விற்கப்பட்டன. மதுரகவி பாஸ்கரதாஸ் போன்றோரின் தேசியப் பாடல்களும் இவ்வழியே பரவின. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட ஆய்வு நூல், இவ்வெகுசன சாதனங்களுக்கும் விடுதலை இயக்கத்திற்குமிடையே இருந்த தொடர்பைத் தெளிவுபடுத்தியது. ஏகாதிபத்தியக் கம்பனி இலாபம் கருதி ஏகாதிபத்திய எதிர்ப்புப் பாடலை விற்றது. மூலதனத்தின் முரண்பாடுகளுள் இதுவும் ஒன்று.

பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடும். மணிக்கணக்கில் விரியும் இராக ஆலாபனை அதனுள் அடங்காது. வித்துவான் சுருக்கினார், நாடகப் பாடலாசிரியர் தொடக்கத்திலேயே செவியைக் கவரும் மெட்டை நாடினார். இன்று ‘திரைப்பாடல்’ என நாம் வழங்கும் வடிவத்தின் கால அளவு, அரக்குத் தட்டின் விட்டத்தினால் பெரிதும் வரையறுக்கப்பட்டது எனலாம்.

இக்காலப்பகுதியிற் சாதாரண மக்கள் கேட்ட கருவி யாது? 1906இல் விக்டர் கம்பனி புனலைப் பெட்டியினுள்ளே மறைத்த வகையை அறிமுகஞ் செய்ததோடு, வெளியே நீட்டிய புனல் மேற்கில் வழக்கொழியத் தொடங்கிற்று. 1914இல் இங்கிலாந்திற் ‘டெக்கா’ என்ற பெயரில் வந்த தூக்கிச்செல்லும் கிராமபோனை முதலாம் உலகப் போரின்போது படைவீரர் பதுங்குகுழிகளுக்கும் கொண்டுசென்றனர். எச்.எம்.வி. நிறுவனத்தின் 102 எனும் கைப்பெட்டி வகை 1931இல் வந்தது. சுவிற்சர்லாந்தின் சாந்த்-குறுவா கிராமத்துப் பொறிகளைக் கொண்ட மலிவான பெட்டிகளும் சந்தையில் நிறைந்தன. ஆகவே, தமிழ் இசைத்தட்டு பெருகிய காலத்தில் பித்தளைப் புனல் ஏற்கெனவே பழங்கதையாகிக் கொண்டிருந்தது. அது முற்றாக மறைந்துவிட்டதெனக் கூறுவது தவறாகும். ஆனால் நடுத்தர வகுப்பினரதும், ஊர் ஊராகச் சென்றோரதும் கருவி கைப்பெட்டியே.

இலங்கையில் கிராமபோன் வானொலிக்கும் முன்னோடியாயிற்று. 1923இற் கொழும்பில் நடைபெற்ற பரீட்சார்த்த ஒலிபரப்பில் ஒலித்தது கிராமபோன் இசையே. 1925 டிசம்பரில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கிற்று. ஆயினும் மின்சாரம் எட்டாத கிராமங்களில் முறுக்குவில்லே நெடுங்காலம் ஆட்சி செய்தது. மேற்கு நாடுகளில் 1950களின் இறுதியோடு ஏறத்தாழ நின்றுபோன 78 சுழற்சித் தட்டு, இந்தியாவில் 1960களிலும் அச்சிடப்பட்டமைக்குக் காரணம் இதுவே. சமனற்ற வளர்ச்சி என நாம் பொருளாதாரத்திற் பேசுவது, இசை கேட்கும் கருவியின் ஆயுளிலும் வெளிப்பட்டது.

தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதலாவது அரங்கு சினிமாக் கொட்டகையே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். கிராமபோன் அவ்வளவு தூரம் செல்லவில்லை. அது தனியுடைமை, கூரை உடையவரின் கூரை. அம்மம்மா தரும் விபரம் இவ்விடத்துப் பெறுமதியுடையது. மாலை வேளையிற் பாட்டனார் பெட்டியை விறாந்தையில் வைத்துத் திறப்பார். உறவினர் விறாந்தையில் இருப்பர். வயலிலும் வளவிலும் வேலை செய்தோர் முற்றத்தில் நிற்பர். சிலர் வேலிக்கு அப்பால் நிற்பர். “பாட்டு எல்லாருக்கும் கேட்டதுதான், ஆனா எல்லாரும் இருக்கேல்லை” என்பார் அம்மம்மா. ஒலிக்கு வேலி இல்லை, கேட்போருக்கு இருந்தது. கோயில் மண்டபத்தினுள் நுழைய முடியாதவர் வேலிக்கு அப்பால் நின்றேனும் அவ்விசையைக் கேட்டமை ஒரு முன்னேற்றம். அவர் வேலிக்கு அப்பாலேயே நிற்க நேர்ந்தமை அம்முன்னேற்றத்தின் எல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதுதான் இயங்கியல் நோக்காகும்.

இயந்திரவழிப் பிரதி, கலையைச் சூழ்ந்துள்ள தனித்துவ ஒளிவட்டத்தை அகற்றி மக்களுக்கு அண்மையாக்கும் என 1930களின் நடுப்பகுதியில் வால்ற்றர் பென்ஜமின் எதிர்பார்த்தார். அடோர்னோவோ, அதே பிரதியில் இசை பண்டமாக உறைவதைக் கண்டார். எமது முற்றத்தின் அனுபவம் இருவரையும் ஓரளவு மெய்ப்பிக்கின்றது. இருவரும் அறிந்திராத சாதி என்னும் பரிமாணத்தையும் சேர்க்கின்றது.

5

இனித் திருத்த வேலைக்கு வருவோம். முறுக்குவில், ஒரு விரல் அகலமும் பல அடி நீளமும் உடைய உருக்கு நாடா. உருளையான பேழையொன்றினுள் சுருண்டு கிடக்கும். முறுக்கம் முற்றாகத் தளர்த்தப்படாத நிலையில் அதனைத் திறத்தல் ஆபத்தானது. நாடா பாய்ந்து கையை வெட்டிவிடும். முதியவர் அதனைத் தடித்த துணியாற் பொதிந்து, சுருள் சுருளாக வெளியே விட்டார். பழைய கிறீஸ் மெழுகுபோல் இறுகியிருந்தது. சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பின் திடீரென விடுபடுவதனாலேயே பொறி திக்கித் திக்கி ஓடியது. மண்ணெண்ணெயிற் கழுவித் துடைத்து, காரீயத் தூள் கலந்த புதிய கிறீஸ் இடப்பட்டது. வேகத்தை நிலைப்படுத்துவதற்கு, மெல்லிய தகட்டு விற்களிற் பொருத்திய மூன்று சிறு குண்டுகள் உண்டு. சுழற்சி கூடும்போது அவை வெளியே விரிந்து, ஒரு வட்டத்தகட்டை இழுத்துத் தோற்பட்டையோடு உரசச் செய்யும். அத்தோல் காய்ந்திருந்தது, எண்ணெய் ஊட்டப்பட்டது. முறிந்திருந்த ஒரு வில்லுக்குப் பதிலாகப் பழைய மேசைக் கடிகாரத்தின் தகடொன்றை முதியவர் வெட்டிப் பொருத்தினார்.

ஒலிப்பேழையினுள் மைக்காத் தகடு நல்ல நிலையில் இருந்தது. அதனை இருபுறமும் தாங்கிய இறப்பர் வளையங்கள் கல்லாகியிருந்தன. மென்மையான புதிய இறப்பர்க் குழாயை வெட்டி இட்டதும், தகரத்திற் கிறீச்சிடுவது போலிருந்த ஒலி மனிதக் குரலாயிற்று. உருக்கு ஊசி, தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒன்று என்பதே விதி. தட்டிற் கலந்துள்ள கல்தூள் ஊசியைத் தேய்த்துப் பள்ளத்திற்கு இசைவாக்கும். தேய்ந்த ஊசியை மீளப் பயன்படுத்தினால் அதுவே பள்ளத்தை அறுத்துவிடும். சுழல்தட்டின் ஓரத்திலே கடதாசித் துண்டொன்றைச் செருகி, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகின்றதென எண்ணினோம். 74இலிருந்து மெல்ல உயர்த்தி 78இல் நிறுத்தினோம்.

இவ்வேலைகள் அனைத்தையும் செய்து முடிக்க அவருக்கு நான்கு நாட்கள் சென்றன. அவர் கேட்ட கூலி, நான் பெட்டிக்குக் கொடுத்த விலையில் இருபதில் ஒரு பங்கும் இல்லை. புனலின் மினுக்கத்துக்கு ஒரு விலை. பொறியை ஓடவைக்கும் அறிவுக்கு மற்றொரு விலை. பழம்பொருட் சந்தையின் அரசியற் பொருளாதாரம் இவ்விரு தொகைகளின் இடைவெளியிலே உள்ளது.

6

இத்தகைய போலிப் புனற் கிராமபோன்கள் இந்திய நகரங்களின் சிறு பட்டறைகளிற் பல ஆண்டுகளாகச் செய்யப்பட்டு, உல்லாசப் பயணிகளுக்கும் ஏற்றுமதிச் சந்தைக்கும் விற்கப்படுகின்றன என்பது சேகரிப்போர் நன்கறிந்த விடயம். புனல், பெட்டி, சின்னம் ஆகியவற்றைப் புதிதாகச் செய்யலாம். முறுக்குவிற் பொறியைப் புதிதாகச் செய்வது செலவு மிக்கது. எனவே பழைய கைப்பெட்டிகள் வாங்கப்பட்டுப் பொறிகள் கழற்றப்படுகின்றன. எஞ்சும் பெட்டி எறியப்படுகின்றது. ஒவ்வொரு போலியும் ஓர் உண்மையான கிராமபோனை அழித்தே பிறக்கின்றது.

இதிற் பொதிந்துள்ள வரலாற்றுப் பிரச்சினை சாதாரண ஏமாற்று வியாபாரத்தினும் பாரதூரமானது. அழிக்கப்படுவது மக்கள் பயன்படுத்திய கருவி. அதன் பாகங்களைக்கொண்டு ஆக்கப்படுவது மக்கள் அவ்வளவாகப் பயன்படுத்தாத, ஆனால் ‘கடந்த காலம்’ இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் எனச் சந்தை விரும்பும் கருவி. விறாந்தை, முற்றம், வேலி என்பனவற்றை அறிந்த கறுப்புப் பெட்டி மறைய, எந்த முற்றத்தையும் அறியாத பித்தளைப் புனல் வரலாற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. இலக்கிய வரலாற்றிலும் இதற்கு நிகரான செயற்பாட்டை நாம் கண்டதுண்டு. வாய்மொழி மரபினதும் மேடையினதும் சிறு வெளியீடுகளினதும் சான்றுகள் கவனிப்பாரற்று அழிய, அரசவைப் புலவரின் ஒளிரும் பிம்பமே ‘பொற்காலம்’ என நிலைநிறுத்தப்படவில்லையா?

குற்றத்தைப் பட்டறைத் தொழிலாளர் மீது சுமத்துவது முறையாகாது. எட்டு இதழ்களாகப் பித்தளையை அடித்துப் புனலாக்கிய கை திறமையான கை. அத்திறமைக்கு நேர்மையான பெயரில் விலை கொடுக்காத சந்தை, பொய்ப்பெயரில் அதனை வாங்குகின்றது. அவ்விலையிற் பெரும்பங்கு அக்கைக்குச் செல்வதுமில்லை.

எனவே திருத்துதல் என்பதன் பொருளை நாம் மீள வரையறுத்தல் வேண்டும். மினுக்குதல் திருத்தமன்று, உருவழிந்ததை ‘பழைமைபோல’ ஆக்குவதும் திருத்தமன்று. ஒரு பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது, யார் உழைத்தனர், யார் வைத்திருந்தனர், யார் எங்கு நின்று பயன்கொண்டனர் என்னும் உறவுகளை மீளக் காணத்தக்கதாக்குவதே திருத்தம். போலியை உடைத்தெறிய நான் எண்ணியதுண்டு. முதியவர் தடுத்தார். “ஓடுற பொறி, தம்பி. ஓடட்டும். ஆனா பொய் சொல்லாமல் ஓடட்டும்” என்றார். அதன்படியே செய்தோம். நாயின் சின்னம் முகப்பிலிருந்து கழற்றப்பட்டது. பெட்டியினுள், திறந்ததும் காணத்தக்க இடத்தில், ஒரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. பொறி பழையது, தூக்கிச்செல்லும் பெட்டியொன்றிலிருந்து வந்தது. பெட்டியும் புனலும் அண்மைக்காலத்தவை. முறிந்த வில் கடிகாரத் தகட்டினாற் செய்யப்பட்டது. திருத்திய ஆண்டு இது, என்பவை அதில் எழுதப்பட்டுள்ளன. முதியவர் தமது கையொப்பத்தையும் இட்டார்.

பதினொரு தட்டுகளில் இரண்டு வெடித்திருந்தன. ஒன்றிற் பெயர்ச்சீட்டே இல்லை. அப்பெயரற்ற தட்டை முதலில் இட்டோம். பெண்குரலொன்று நாடகப் பாடலொன்றைப் பாடிற்று. அம்மம்மா, அது முற்றத்தில் நின்றோர் மீண்டும் போடும்படி கேட்கும் பாட்டு என்றார். யார் கேட்டார்கள் என வினவினேன். சற்று யோசித்து நான்கு பெயர்களைச் சொன்னார். அவற்றுள் ஒன்றேனும் எமது குடும்ப ஆவணம் எதிலும் இல்லை. அவற்றை எழுதிவைத்துள்ளேன்.

எமது ஊர்களிலும், மலையகத் தோட்டங்களிலும், கிழக்கின் கிராமங்களிலும் இன்னும் சில கறுப்புப் பெட்டிகள் பரண்களில் இருக்கக்கூடும். அவற்றைச் சந்தை தேடிச் செல்லுமுன்னர் மாணவர்கள் தேடிச் செல்லுதல் வேண்டும். பெட்டியை மட்டுமன்றி, அது எங்கு வைக்கப்பட்டது, யார் அமர்ந்தனர், யார் நின்றனர் என்பதனையும் கேட்டுப் பதிதல் வேண்டும். அதனைக் கூறவல்ல தலைமுறை விரைவாகக் குறைந்து வருகின்றது. எமது தமிழ்ச் சங்கம் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றாகும்.